வாய் சுருங்கிய துப்பாக்கி

"கைமிஷினா, கால்மிஷினா?"

பெரம்பலூர்த் தையல் மிஷின் கடைக்காரர் சிந்தாமணியைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவள் அந்தக் கடைக்குள் ஏறியது மிஷின் வாங்குவதற்காக அல்ல. பஸ்ஸுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டதால் ஒதுங்கினாள், அவ்வளவுதான். ஆனால் பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் 'இதுவா, அதுவா, எது வேண்டும்' என்று கேட்டதில்லை. அதனால் அந்தக் கேள்வி அவளுக்குள் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது.

பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கொளஞ்சியப்பன்தான் பதில் சொன்னான். "கால்மிஷின்தாங்க. தை மாசம் கடலை போடுறோம். பிடுங்குன கையோட வந்து எடுத்துக்கறோம்."

மழைக்கு ஒதுங்கியவன் கொடுக்கிற வாக்கைக் கடைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிந்தாமணி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தூக்கத்தில்கூட அவள் பாதம் இரண்டும் பாயில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன.

கடலையும் நன்றாகத்தான் வந்தது. பங்குனியில் காய் பிடித்தது. காய் பிடித்த சேதி அவர்கள் ஊர் பூலாம்பாடிச் சனங்களுக்குத் தெரிவதற்கு முன்பே மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளுக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் சிந்தாமணி கொல்லையில் போய் நின்றாள். கலப்பை ஓட்டியதுபோல நாலு பாத்தி புரண்டு கிடந்தது.

"மிஷினோட பெடலைத் தின்னுட்டுப் போயிருச்சுங்க" என்றாள்.

"நேத்து ராத்திரியும் வெரட்ட டப்பா தட்டுனேனே!" என்றான் கொளஞ்சியப்பன்.

"நீங்க தாளம் போட்டீங்க. அது சாப்பிட்டுச்சு."

அந்த நேரம் பார்த்து வரப்பில் ராசாங்கம் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்க இடம் கொடுத்தால்தானே? வாயைத் திறந்தால் அவரே பேசுவார், அவரே சிரிப்பார், அவரே முடிப்பார். எந்தப் பொருளைக் கண்டாலும் கையில் தூக்கிப் பார்த்து எடையும் தரமும் சொல்வது அவர் பழக்கம். பூசணிக்காயானாலும் சரி, பிறந்த குழந்தையானாலும் சரி, "தூக்கிப் பாத்தாலே தெரியும்" என்பார்.

"ஏன்டா கொளஞ்சி, வூட்ல ரைபிளை வச்சிக்கிட்டு எவனாவது டப்பா தட்டுவானா?"

"அதுக்குக் குண்டு இல்லியேண்ணே."

"குண்டு இல்லேன்னா வார்த்துக்கிறது! பனிமலையில நாங்க என்ன கடையில போயா வாங்குனோம்?"

இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

அந்த ரைபிள் கொளஞ்சியப்பனின் அப்பா ஒரு ஜமீன் ஏலத்தில் எடுத்தது. வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய மாதிரி. அவர் இருந்தவரைக்கும் ஆயுத பூசையன்று பொட்டு வைப்பதற்குக்கூட மகனைக் கிட்டே விட்டதில்லை. அவர் போன பிறகு லைசென்ஸ் மகன் பேருக்கு மாறியது. மாறிய கையோடு எலெக்ஷன் வந்தது. எலெக்ஷன் வந்தால் சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு திருப்பித் தரக் கூப்பிட்டார்கள். கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது, "நீ நில்லு தம்பி, நான் எடுத்தாரேன்" என்று ராசாங்கமே உள்ளே போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிய சாக்கு கட்டியபடி அது பரணில் கிடந்தது.

திருச்சிக் கடையில் லைசென்ஸைக் காட்டி வாங்கிய மருந்து கொஞ்சம் இருந்தது. குண்டு என்று பார்த்தால், சாமி படத்துக்குப் பின்னால் அப்பா வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு ஈய உருண்டைதான்.

ராசாங்கம் அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். "சுத்தமான ஈயம். தூக்கிப் பாத்தாலே தெரியும். இதை மாதிரியா வச்சு அச்சு அடிச்சிரலாம். ஆனா ஒண்ணு, அளவு நூல் பிசகக் கூடாது. ரைபிள்னா சும்மா இல்ல பாத்துக்க. குழாய்க்குள்ள திருகாணி மாதிரி வரி ஓடும். குண்டு அந்த வரியைப் புடிச்சிக்கிட்டு, சுத்திக்கிட்டே வெளிய போகணும். அப்பத்தான் நேராப் போகும்."

"பன்னி அதுவரைக்கும் நிக்குமா மாமா?" என்று சிந்தாமணி கேட்டாள்.

"நீ போயி காப்பியைப் போடும்மா."

ஊர் ஆசாரி அச்சு செய்து கொடுத்தார். பார்ப்பதற்குப் பாக்குவெட்டி மாதிரி இருந்தது. இரண்டு பிடி, நுனியில் ஆளுக்குப் பாதியாக ஒரு குழி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மேலே உள்ள ஓட்டை வழியாக ஈயத்தை ஊற்றினால் முழு உருண்டை விழும். அதாவது, விழ வேண்டும்.

ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் பழைய வலையில் கோத்திருந்த ஈயத்தை வாங்கி வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். ஈயத்தை எதில் காய்ச்சுவது என்று வந்தபோது, ராசாங்கம் நேராகச் சமையலறைக்குள் போய்ச் சிந்தாமணியின் தாளிப்புக் கரண்டியை எடுத்து வந்தார்.

"மாமா, நாளைக்குக் குழம்பை எதுல தாளிக்கிறது?"

"பன்னிக்கறி தாளிக்கப் புதுசு வாங்கிக்கலாம்!"

முதல் ஊற்றில் வந்த குண்டைக் கொளஞ்சியப்பன் ஆசையாகக் கையில் எடுத்தான். சூடு பட்டுக் கீழே போட்டான். சிந்தாமணி குனிந்து பார்த்தாள். சுருக்கம் சுருக்கமாக, ஒரு பக்கம் ஒட்டிப்போய்க் கிடந்தது.

"இது குண்டா, சுண்டவத்தலா?"

"அச்சு இன்னும் சூடேறலம்மா. முதல் தோசை எந்த வூட்ல ஒழுங்கா வந்திருக்கு?" என்றார் ராசாங்கம்.

பொழுது ஏறிற்று. அடுப்போரம் வத்தல் குவிந்தது.

"முதல் தோசை சரிங்க மாமா. மாவு தீரப்போவுதே" என்றாள் சிந்தாமணி.

பிறகு ராசாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அச்சுக்குள்ளே விளக்குப் புகை பிடிக்க வேண்டுமாம். கரி படிந்தால் ஈயம் ஒட்டாமல் ஓடுமாம். சாமி விளக்கு வெளியே வந்தது. புகை பிடித்தார்கள். அச்சையும் அடுப்பு நெருப்பில் காட்டிக் காட்டிச் சூடாக்கினார்கள். அடுத்த குண்டு உண்மையிலேயே உருண்டையாக, பளபளவென்று விழுந்தது. கொளஞ்சியப்பன் எழுந்து நின்று கைதட்டினான். அந்த உற்சாகத்தில், மிச்சமிருந்த வலை ஈயத்தையும் கொத்தாக அள்ளிக் கரண்டியில் போட்டான்.

அந்த வலை காலையில்தான் ஏரியில் இருந்து வெளியே வந்தது. ஈயத்தின் ஓட்டைக்குள் ஈரம் இருந்தது.

'டப்' என்று ஒரு சத்தம். ஈயம் சாரல் அடித்தது. கோழிகள் கூரைக்கு ஏறின. புகை அடங்கியபோது கொளஞ்சியப்பனின் வேட்டி சல்லடையாகி இருந்தது. ராசாங்கத்தின் மீசையில் வலது பக்கத்தைக் காணவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று ஓடி வந்தாள் சிந்தாமணி.

"ராணுவத்துல இதெல்லாம் சகஜம்மா" என்றார் ராசாங்கம், வலது மேலுதட்டைத் தடவிக்கொண்டே.

இரண்டு நாள் ஆறப் போட்டு, ஈயத்தை வெயிலில் காயவைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை கை பழகிவிட்டது. மேலே மிதக்கிற கசடைத் தள்ளிவிட்டு, ஒரே சீராக ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டு, அச்சைத் தட்டினார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று. சாமி படத்துக் குண்டை நடுவில் போட்டால் எது பழசு, எது புதுசு என்று தெரியாது. தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்து பூசி, சிந்தாமணியின் ஊறுகாய் ஜாடி நிறைய அடுக்கி வைத்தார்கள். நாரத்தங்காய் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. தெருநாய் ஒன்று உறைப்புத் தாங்காமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடியதை அவளே பார்த்தாள்.

இதற்குள் பன்றிகள் இன்னும் ஆறேழு பாத்தியை முடித்திருந்தன. "சக்கரமும் போச்சு" என்று சிந்தாமணி சொன்னாள்.

"இன்னிக்கோட சரி பாரு" என்று கொளஞ்சியப்பன் பரணில் இருந்து ரைபிளை இறக்கினான். சாக்கைப் பிரித்தான். துடைத்தான். ஜாடியிலிருந்து நல்லதாக ஒரு குண்டைப் பொறுக்கிக் குழாயின் வாயில் வைத்தான்.

குண்டு இறங்கவில்லை.

இன்னொன்றை வைத்தான். அதுவும் அப்படியே, கிணற்று மேட்டில் ஏற்றி வைத்த பூசணிக்காய் மாதிரி வாயில் உட்கார்ந்திருந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன குண்டையே எடுத்து வைத்துப் பார்த்தான். அதுவும் இறங்கவில்லை.

"அண்ணே, அப்பா குண்டே போவலியே!"

ராசாங்கம் ரைபிளை வாங்கினார். கண்ணை இடுக்கிக் குழாய்க்குள் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

"வாய் சுருங்கிடுச்சு" என்றார்.

"இரும்பு சுருங்குமா மாமா?"

"ஏம்மா, ஒரு மாசம் ஸ்டேஷன்ல ஈரத்தரையில போட்டிருக்கான். எண்ணெய் காட்டல. பட்டினி போட்டா மனுசனுக்கே கன்னம் ஒட்டிப் போவுதுல்ல?"



அரம் கொண்டுவந்து குண்டை ராவினார்கள். இந்தப் பக்கம் ராவினால் அந்தப் பக்கம் துருத்தியது. எலுமிச்சம்பழமாக ஆரம்பித்தது பூண்டுப் பல்லாக முடிந்தது. ஆனால் இறங்கியது. மறுநாள் காலையில் கொல்லையில் பனைமட்டையை நட்டு, அதில் கரியால் பன்றி வரைந்தார்கள். ராசாங்கம் வரைந்த பன்றிக்குப் பாதி மீசை மாதிரி ஏதோ இருந்தது. கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தொறடா!"

"தொறந்தா பயமா இருக்குண்ணே."

மலை எதிரொலிக்க வெடித்தது. புகை விலகியது. பனைமட்டைப் பன்றி சௌக்கியமாக நின்றிருந்தது. பக்கவாட்டில் மோட்டார் கொட்டகையில் ஏதோ கண்ணாடி சிலீரென்று உதிர்கிற சத்தம் கேட்டது.

பன்றி நின்ற திசைக்கும் கரண்டு மீட்டர் இருந்த திசைக்கும் சம்பந்தமே இல்லை. பூண்டுப் பல்லுக்கு அது தெரியவில்லை.

லைன்மேன் வந்து பார்த்தார். மீட்டரின் நடுவில் இருந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "எப்படிங்க இது?"

"பன்னி..." என்று ஆரம்பித்தான் கொளஞ்சியப்பன்.

"பன்னி சுட்டுச்சா?"

புது மீட்டர் வரும்வரை மோட்டார் ஓடக்கூடாது என்று ஃபியூசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு லைன்மேன் போய்விட்டார். காய் முற்றுகிற நேரத்தில் கடலைக்குத் தண்ணீர் நின்றது. சிந்தாமணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் பாத்திக்கும் நடக்க ஆரம்பித்தாள். இரவில் அவள் கால் இப்போது ஆடுவதில்லை. ஆட அதில் தெம்பு இல்லை.

அப்போதுதான் பஸ்ஸில் வந்த ஒருவர் சேதி சொன்னார். வாலிகண்டபுரத்தில் வைரக்கண்ணு என்று ஒருத்தர் இருக்கிறாராம். இந்த வருசம் குறி தப்பாமல் பன்றி அடிக்கிறாராம். அந்தப் பக்கம் கொல்லைகளில் ஒரு செடிகூடப் புரளவில்லையாம்.

"அவரைப் போயி ஒரு வார்த்தை கேப்போம்ங்க" என்றாள் சிந்தாமணி.

ராசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "எனக்குத் தெரியாததையா அவன் சொல்லிடப் போறான்?" என்று வர மறுத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பஸ் ஏறினார்கள்.

வைரக்கண்ணு வீட்டு வாசலில் பன்றிக் கோரைப்பற்கள் மாவிலைத் தோரணம் மாதிரி கட்டித் தொங்கின. மனுசர் நல்ல மனுசர். தன் கொல்லைக் கடலையையே வறுத்துக் கொடுத்தார். சிந்தாமணி ஒவ்வொரு பருப்பையும் பெருமூச்சோடு தின்றாள்.

"துப்பாக்கி எங்கப்பா ஜமீன் ஏலத்துல எடுத்தது" என்றார் அவர்.

"எங்கப்பாவும் அங்கதாங்க எடுத்தாரு!"

"அப்பச் சரி, ரெண்டும் அக்கா தங்கச்சின்னு சொல்லு."

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க இப்படிப் போவுது?"

வைரக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்றேன் தம்பி. முன்னெல்லாம் எனக்கும் குறி வராது. குண்டு ரொம்ப இறுக்கம். இடிச்சு இறக்கறதுக்குள்ள பன்னி ஏப்பம் விட்டுட்டுப் போயிரும். இந்தப் பொங்கலுக்கப்புறம் பாரு, வாய் தானா அகண்டு போச்சு! அதே குண்டு, அதே ஆளு. லொடலொடன்னு இறங்குது. சும்மா பழைய வேட்டியில ஒரு துண்டு கிழிச்சுச் சுத்திப் போடுறேன். என்னமாப் போவுதுங்கற! எல்லாம் சாமி புண்ணியம்."

"இரும்பு அகலுமாங்க?" என்று சிந்தாமணி மெதுவாகக் கேட்டாள்.

"வயசானா எல்லாத்துக்கும் கட்டு விட்டுப் போவுதுல்ல தாயி. பல்லு ஆடலியா?"

ஊர் திரும்பி ராசாங்கத்திடம் சொன்னார்கள். அவர் ஒரு நிமிசம்கூடத் தயங்கவில்லை. "இதுல என்னடா அதிசயம்? வாலிகண்டபுரம் வெயில் ஊரு. அங்க இரும்பு அகலும். நமக்கு மலைக்காத்து. சுருங்கும். அவன் பெருசான வாய்க்குத் துணி சுத்துறான். நாம சுருங்குன வாய்க்குக் குண்டைச் சின்னதாக்கணும். அச்சை மாத்து!"

ஆசாரி சின்ன அச்சு செய்தார். சின்னக் குழிக்குள் ஈயம் சரியாக ஓடவில்லை, பாதியிலேயே உறைந்தது. "கொஞ்சம் வெள்ளீயம் கலந்தா தண்ணியா ஓடும்" என்றார் ராசாங்கம். சுற்றிலும் பார்த்தார்.

சிந்தாமணி அப்போது குடத்தோடு கொல்லையில் இருந்தாள்.

அவளுடைய அம்மா சீராகக் கொடுத்த வெள்ளீயத்தில் வார்த்த ஈயச் சொம்பு ஒன்று அடுப்பு மேடையில் இருந்தது. அதில் வைத்தால் ரசம் தெருமுனை வரைக்கும் மணக்கும். கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டு திருச்சிக்கு வேலைக்குப் போன கொளஞ்சியப்பன், மூன்றாம் நாளே திரும்பி வந்தது அந்த ரசத்துக்காகத்தான்.

"அண்ணே, அது அவ அம்மா குடுத்தது" என்றான் கொளஞ்சியப்பன்.

ராசாங்கம் சொம்பைக் கையில் வாங்கி மேலும் கீழும் ஆட்டினார். "தரமான சரக்கு. தூக்கிப் பாத்தாலே தெரியும். ஓரத்துல ஒரு துண்டு போதும்டா" என்றார்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார்கள். சொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சமமாக இருக்கட்டும் என்று இன்னொரு துண்டு வெட்டினார்கள். அப்புறம் அது சொம்பாகவே இல்லாததால் முழுவதையும் போட்டுவிட்டார்கள்.

அன்று மதியம் இலையில் சோறு விழுந்தது. கொளஞ்சியப்பன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"ரசம் எங்க புள்ள?"

"துப்பாக்கில ஊத்தி வச்சிருக்கீங்கள்ல? சுட்டுக் குடிங்க."

அவன் வெறும் சோற்றைத் தின்றான்.

வெள்ளீயம் சேர்ந்த குண்டு வெள்ளிப் பூண் மாதிரி மின்னியது. ஆனால் ஈயத்தைவிடக் கெட்டி. மருந்து போடுவதற்கு முன்னால் சும்மா ஒத்திகை பார்ப்போம் என்று வெறும் குழாயில் வைத்தார்கள். வாயில் நுழைந்தது. நாலு விரற்கடை போனது. நின்றது.

"அடி" என்றார் ராசாங்கம்.

கம்பியை வைத்து அடித்தான். இன்னும் ஒரு சாண் போனது. மறுபடி நின்றது. ராசாங்கமே சுத்தியலை வாங்கித் திரும்பத் திரும்ப அடித்தார். கம்பிதான் வளைந்தது. குண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கொதிநீர் ஊற்றினார்கள். எண்ணெய் ஊற்றினார்கள். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். சிந்தாமணியின் ரசச் சொம்பு குழாயின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாய்கிற நேரம். கொல்லைப் பக்கமிருந்து சிந்தாமணி கத்தினாள். "பன்னி! பன்னி வந்துருச்சுங்க! ஓடியாங்க!"

கொளஞ்சியப்பன் கையில் இருந்ததோடு ஓடினான். பெரிய ஆண் பன்றி ஒன்று கடலைக்கு நடுவில் நின்று நிதானமாக அவனை ஏறிட்டுப் பார்த்தது. அவனுக்கு மிஷின், மீட்டர், வெறும் சோறு எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. குழாயை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைப் பக்கத்தை ஓங்கி அதன் முதுகில் ஒரே போடு போட்டான்.

குறி தப்பவில்லை. ரைபிளின் கட்டை இரண்டாகப் பிளந்தது. பன்றி உறுமிக்கொண்டு, மிச்சமிருந்த பாத்திகளின் குறுக்காக ஓடி மலையேறியது.

சிந்தாமணி பிளந்த கட்டைத் துண்டைப் பொறுக்கிக்கொண்டாள். "ஸ்டாண்டும் போச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஸ்டேஷன் கான்ஸ்டபிள் தர்மன் இறங்கினார். கேரியரில் சாக்கில் சுற்றி நீளமாக ஏதோ கட்டியிருந்தது.

"கொளஞ்சியப்பன் வூடு இதானுங்களே? துப்பாக்கியைக் கொஞ்சம் எடுத்தாங்க, நம்பர் பாக்கணும்."

மீட்டர் விஷயம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது, லைசென்ஸ் போச்சு என்று கொளஞ்சியப்பன் நினைத்தான். பின்னால் நின்ற ராசாங்கம், "தைரியமா இரு, நான் பேசிக்கறேன்" என்று முன்னால் வந்தார். "சார், நானும் யூனிஃபார்ம் போட்டவன்தான். இந்தத் துப்பாக்கியை நீங்க ஈரத்துல போட்டு வாயைச் சுருங்க வச்சு..."

தர்மன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பதில் சொல்லாமல் சாக்கை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு ரைபிள் இருந்தது. அதே நீளம், அதே நிறம், அதே கட்டை. பிளக்காத கட்டை.

"இதுதாங்க உங்க துப்பாக்கி" என்றார் தர்மன். "வாலிகண்டபுரத்துக்காரர் லைசென்ஸ் புதுப்பிக்க வந்தாரு. நம்பர் ஒத்து வரல. நோட்டைப் புரட்டிப் பாத்தா, உங்களுது அவருகிட்ட, அவருது உங்ககிட்ட. இதை வச்சு ஒம்போது பன்னி அடிச்சிருக்காருங்க. எங்களுக்கே கறி வந்துச்சு."

சிந்தாமணி உள்ளே போனாள். ஊறுகாய் ஜாடியோடு வந்தாள். முதல் அச்சில் வார்த்த குண்டு ஒன்றை எடுத்து, தர்மன் கையிலிருந்த துப்பாக்கியின் வாயில் வைத்தாள். மோதிரம் விரலில் இறங்குவதுபோல, நூல் பிசகாமல் அது பொருந்தி நின்றது.

அவள் ஜாடியைப் பார்த்தாள். வாசலுக்கு அப்பால் கொல்லையைப் பார்த்தாள். பெடல் போயிற்று, சக்கரம் போயிற்று, ஸ்டாண்டு போயிற்று. மேற்கு ஓரத்துப் பாத்திகள் இன்னும் நின்றன. அவற்றைக் காப்பாற்றினால் கைமிஷின் ஒன்றாவது தேறும் என்று பட்டது.

"அப்ப..." கொளஞ்சியப்பன் உள்ளே திரும்பி, வளைந்த கம்பியும் அடைத்த குழாயும் பிளந்த கட்டையுமாகக் கிடந்ததைப் பார்த்தான். "அது வைரக்கண்ணு அண்ணனோடதா?"

"ஆமாங்க. வாங்கிட்டுப் போறதுக்குத்தான் அவரும் வந்திருக்காரு. பஸ் ஸ்டாப் டீக்கடையில உக்காந்திருக்காரு."

"எப்படிங்க மாறிச்சு?" என்று சிந்தாமணி கேட்டாள்.

தர்மன் சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றினார். ராசாங்கத்தின் பாதி மீசையைப் பார்த்தார்.

"நான் சொன்னேங்க, நம்பரைப் பாத்து எடுங்கன்னு. 'மிலிட்டரிக்காரனுக்கு நம்பர் எதுக்குய்யா, தூக்கிப் பாத்தாலே தெரியும்'னுட்டு இதைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தது, இந்த அய்யாதாங்க."

ராசாங்கம் துண்டை உதறினார், தோளில் போட்டுக்கொண்டார், டீக்கடை இல்லாத பக்கமாகப் பார்த்து நடந்தார்.